பதினாலு கையெழுத்து

அமராவதி டீச்சர் அன்று காலையில் மூன்றாவது தடவையாகப் புடவையை மாற்றினாள். கடைசியில் ஊதா நிறக் காட்டன் புடவை நின்றது. மடிப்புதான் நிற்கவில்லை.

"அண்ணி, நான் வெச்சு விடட்டுமா?" என்று கதவருகே வந்து நின்றாள் தம்பி மனைவி செந்தமிழ்.

குனிந்து மடிப்பை நீவி விட்டாள். நிமிரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். முகம் வெளுத்திருந்தது.

"இன்னாம்மா, ராத்திரி தூங்கலியா?"

"தூங்கினேன் அண்ணி. லேசா குளுருது, அவ்ளோதான்."

மாசி வெயில் ஏறத் தொடங்கிவிட்ட நேரத்தில் எதற்குக் குளிர வேண்டும்? வேறொரு நாளாக இருந்தால் அமராவதி கேட்டிருப்பாள். கல்யாணமாகி ஐந்து வருஷம் காத்திருந்து இப்போதுதான் நாலு மாசம் நிரம்பியிருக்கிற வயிறு. ஆனால் இன்று அவள் மனசெல்லாம் பதினொரு மணியில் இருந்தது.

பதினொரு மணிக்கு ஆபீசர் வருகிறார்.

போன வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் காசிலிங்கம் சாக்பீஸ் கையைத் தட்டிக்கொண்டே வந்து, "எட்டாவதுக்கு அமராவதி டீச்சர் கம்ப்யூட்டர்ல சயன்ஸ் எடுப்பாங்கன்னு எழுதிக் குடுத்துட்டேன்" என்று சொன்னாரே, அந்த நிமிஷத்திலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

தட்டுமேட்டு நடுநிலைப் பள்ளியில் அவளுக்கு இருபத்து நாலு வருஷம். மனித இதயத்தைச் சிவப்பு, நீலச் சாக்பீஸால் அவள் கரும்பலகையில் வரைந்தால், மறுநாள் அழிக்கப் பிள்ளைகளுக்கு மனசு வராது. அப்பேர்ப்பட்டவளைத்தான் ஐந்து கம்ப்யூட்டர்கள் வந்து கலக்கிவிட்டன. சுனாமிக்குப் பிறகு பள்ளிக்கு யார் யாரோ கொடுத்த சாமான்களில் கடைசியாக வந்தவை அவை. தையல் வகுப்பு நடந்த அறை கம்ப்யூட்டர் அறை ஆயிற்று. ஒவ்வொரு டீச்சரும் வாரம் ஒரு பீரியடாவது அதில் பாடம் நடத்த வேண்டும், நடத்தியதற்குப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவு.

திண்டிவனத்தில் ஐந்து நாள் பயிற்சிக்கும் போனாள். இரண்டாம் நாள், மெஷினை எப்படி நிறுத்துவதென்று தெரியாமல் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். அந்த வரிசையிலிருந்த ஆறு மெஷினும் அணைந்தன. முப்பது தலைகள் திரும்பின. அவளுக்கு ஒரு மகன் இருந்திருந்தால், சொல்லிக் கொடுத்த பையனின் வயசிருக்கும். "மேடம், நீங்க எதையும் தொட வாணாம், சும்மா உக்காந்து பாருங்க, போதும்" என்றான். அன்றைக்கு விட்டவள்தான், அப்புறம் அவள் ஒரு பட்டனையும் தொடவில்லை.

"நான் பாத்துக்கிறேன் அண்ணி" என்று செந்தமிழ் முன்வந்தாள். அதே பள்ளியில் தொகுப்பூதியத்தில் சேர்ந்த இளம் டீச்சர். அமராவதியின் பீரியடையும் அவளே எடுத்தாள். அமராவதி ஒவ்வொரு வாரமும் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் போட்டாள். இதுவரை பதினாலு கையெழுத்து.

வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. தம்பி அசோகன் உப்பளத்திலிருந்து வந்துவிட்டான். விடியற்காலையில் பாத்தியில் இறங்கிய கால் முழங்கால் வரை வெள்ளை பூத்திருந்தது.

"அக்கா, ஏறு. அவ ஷேர் ஆட்டோவுல வருவா."

அமராவதி வண்டியில் ஏறினாள். கணவர் இறந்து, இருபத்தாறு வயசில் அவள் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தபோது அசோகன் ஆறாவது படித்துக்கொண்டிருந்தான். அவனைப் படிக்க வைத்து, உப்பளம் குத்தகைக்கு எடுத்துக் கொடுத்து, கல்யாணம் செய்து வைத்தது அவள். அதனால் இந்த வீட்டில் எதுவும் அக்காவுக்கு அப்புறம்தான். அசோகன் அதைச் சட்டமாகவே வைத்திருந்தான்.

"பயப்படாதக்கா" என்றான் வழியில். "உன்ன உட்டு ஒரு நிமிசம் அப்பால போவக் கூடாதுன்னு அவகிட்ட சொல்லியிருக்கேன்."

ரோட்டின் இரண்டு பக்கமும் உப்புக் குவியல்கள் கண்ணைக் கூச வைத்தன. அமராவதி கண்ணை மூடிக்கொண்டாள். பிளக், பிளக் என்று ஏதோ ஒன்று மண்டைக்குள் பிடுங்கிக்கொண்டே இருந்தது.

* * *

கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே முப்பத்திரண்டு ஜோடிச் செருப்பு. உள்ளே பாயில் எட்டாம் வகுப்பு. ஜன்னலைச் சாத்தியிருந்தும் உப்புக் காற்று எப்படியோ உள்ளே வந்து எல்லாவற்றிலும் ஒரு பிசுபிசுப்பை ஒட்ட வைத்திருந்தது.

ஏற்பாடு இதுதான். முதல் மெஷினில் செந்தமிழ் உட்காருவாள். சி.டி.யை ஓட்டுவாள். அமராவதி திரைக்குப் பக்கத்தில் நின்று பாடம் சொல்வாள். ஆபீசர் ஏதாவது கேட்டால், "டீச்சர் நடத்துறாங்க, நான் ஹெல்ப் பண்றேன்" என்று செந்தமிழ் சொல்லிவிடுவாள்.

ஆபீசர் தேவநாதன் ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தாமல் பேசினார். அதுவே அமராவதிக்குக் கூடுதல் பயமாக இருந்தது. அவர் பின்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பதிவேட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். காசிலிங்கம் சார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

திரையில் இதயம் துடித்தது.

அமராவதி பேச ஆரம்பித்தாள். முதல் இரண்டு வாக்கியங்கள் தடுமாறின. பிறகு இருபத்து நாலு வருஷத்துப் பழக்கம் அவளைத் தூக்கிக்கொண்டது. "ரத்தம் எந்தப் பக்கமா உள்ள வருது? எல்லாரும் சேந்து சொல்லுங்க." பிள்ளைகள் சொன்னார்கள். ஒரு பெண் எழுந்து, கதவு போலத் திறந்து மூடும் வால்வுக்கு உப்பளத்து மடையை உதாரணம் சொன்னாள். ஆபீசர் சிரித்தார். அமராவதிக்கு மூச்சு வந்தது.

"நல்லா இருக்குது டீச்சர்" என்றார் அவர். "அடுத்த பாடம் நுரையீரல்தானே? அதை நீங்களே போட்டுக் காட்டுங்க."



செந்தமிழ் மெதுவாக எழுந்தாள். அமராவதி அந்த நாற்காலியில் உட்கார்ந்து மவுஸின் மேல் கையை வைத்தாள். திரையில் அம்புக்குறி ஓடிப் போய் ஒரு மூலையில் மறைந்துகொண்டது. இழுத்தாள். வந்தது. மறுபடி எங்கேயோ போனது. நுரையீரல் படத்தின் மேல் ஒருவழியாக நிறுத்தி ஒரு தட்டுத் தட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தட்டு. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

முப்பத்திரண்டு பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு தட்டாகச் சேர்த்துத் தட்ட வேண்டுமென்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. அதுதான் அவளை அதிகமாக வாட்டியது.

"சார், மவுஸ்ல உப்பு ஏறிடுச்சு சார்" என்றாள் செந்தமிழ் அவசரமாக. "ரெண்டு நாளா க்ளிக் ஆவ மாட்டேங்குது."

ஆபீசர் எழுந்து வந்தார். குனிந்து, அமராவதியின் கையை ஒட்டியபடி மவுஸை இரண்டு தட்டுத் தட்டினார். நுரையீரல் திரை முழுக்க விரிந்தது.

"பதினாலு கிளாஸ் எடுத்திருக்கீங்க டீச்சர்" என்றார், அதே தணிந்த குரலில். "நவம்பர்லேருந்து. ஒவ்வொண்ணுக்கும் உங்க கையெழுத்து இருக்குது."

"மேடத்துக்குக் கொஞ்சம் பி.பி. சார்..." என்று காசிலிங்கம் ஆரம்பித்தார்.

"சார், நான் சொல்றேன் சார்" என்று செந்தமிழ் ஓரடி முன்னால் வந்தாள். அந்த அடியிலேயே நின்றுவிட்டாள். ஒரு கை மேஜை விளிம்பைத் தேடியது. இன்னொரு கை அடிவயிற்றைப் பிடித்தது. "அண்ணி" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் அவள் அமராவதியை அப்படிக் கூப்பிட்டதில்லை. அங்கே எப்போதும் 'டீச்சர்'தான்.

அமராவதி நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிப் பிடித்தாள். செந்தமிழின் கழுத்து அடுப்புப் போலக் கொதித்தது. உடம்பெல்லாம் நடுக்கம்.

"தூக்குங்க, தூக்குங்க" என்று காசிலிங்கம் பதறினார். "சத்துணவு ஆயாவக் கூப்பிடுங்க. அவங்க கூட்டிக்கினு போவட்டும். டீச்சர், நீங்க இருங்க. சார் இன்னும் முடிக்கல."

அமராவதி செந்தமிழைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஆபீசரை நிமிர்ந்து பார்த்தாள்.

"பதினாலு கிளாசும் எடுத்தது இந்தப் பொண்ணு சார். கையெழுத்து மட்டுந்தான் என்னுது. எனக்கு இந்த மெஷினத் தொடவே பயம். இப்ப எனக்கு நேரமில்ல சார், நான் போறேன்."

செருப்பைப் போடக்கூட அவள் நிற்கவில்லை.

* * *

ஷேர் ஆட்டோ எதுவும் கண்ணில் படவில்லை. உப்பு மூட்டை ஏற்றப் போய்க்கொண்டிருந்த மினி லாரியை மறித்தாள். டிரைவர் கன்னியப்பன் அசோகனுக்குத் தெரிந்தவன். ஒரு கேள்வியும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டான். அடுத்த உப்பளத்தில் நிறுத்தி அசோகனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு மரக்காணத்துக்கு விரட்டினான்.

"அண்ணி, கொழந்தைக்கு ஒண்ணும் ஆவாதில்ல?"

"ஒண்ணும் ஆவாது. பேசாம இரு."

"நீங்க ஏன் அவர்கிட்ட அப்பிடிச் சொன்னீங்க? நான் சமாளிச்சிருப்பேன்."

"பேசாதன்னு சொன்னேன்ல."

சொல்லும்போதே அமராவதிக்குக் கண் நிறைந்தது. அவளுக்காக மட்டுமா இந்தப் பெண் உழைத்தாள்? அமராவதியின் பீரியடை எடுக்கிறாள் என்று தெரிந்ததும் மற்ற மூத்த டீச்சர்கள் மூன்று பேரும் தங்கள் பீரியடையும் அவள் தலையில் கட்டினார்கள். காலை எட்டரைக்குப் போய்ச் சாயந்தரம் ஆறுக்கு வருவாள். வந்தும் எல்லோருடைய பதிவேட்டையும் எழுதுவாள். கண்ணெதிரே நடந்ததுதான். கேட்டால் தன் பீரியடைத் தானே எடுக்க வேண்டிவருமே என்றுதான் அமராவதி கேட்கவில்லை.

கிளினிக்கில் லேடி டாக்டர் அரை மணி நேரம் பரிசோதித்தார். குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார். வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றினார்.

"யூரின்ல இன்பெக்ஷன். முத்திப் போயிருக்குது. இதுல புள்ள கலைஞ்சும் போவலாம், தெரியுமா? இப்போதைக்கு ஹார்ட் பீட் கேக்குது. ரெண்டு நாள் இங்க இருக்கணும். அப்புறம் பத்து நாள் படுக்கையில. அந்தப் பொண்ணு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்குது?"

அமராவதி உள்ளே கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் அவகிட்ட கேட்டேன். காலையில ஒரு டம்ளர் காப்பியாம். அப்புறம் வீட்டுக்கு வந்துதான் தண்ணியாம். வாயும் வயிறுமா இருக்கறவ! ஏன் இப்பிடி?"

"ஸ்கூல்ல லேடீஸுக்கு இருக்கற பாத்ரூமுக்குத் தாழ்ப்பா இல்ல டாக்டர். தண்ணியும் வராது. புயல்ல கூரையும் பிச்சிக்கினு போச்சு. அதனால..."

"அதனால தண்ணியே குடிக்கறதில்ல. நீங்களும்தான?"

"நானும்தான். இருபத்து நாலு வருசமா." அமராவதி தலை குனிந்தாள். "அவ வேலைக்குச் சேந்த மொத நாளே நான்தான் சொல்லிக் குடுத்தேன், தண்ணி குடிக்காத, சாயந்தரம் வரைக்கும் தாங்கிக்கலாம்னு."

டாக்டர் அவளை உட்கார வைத்து பி.பி. பார்த்தார். நூற்றி எண்பது இருந்தது. "உங்க ஸ்கூல்ல கம்ப்யூட்டர் இருக்குதுன்னு சொன்னா அந்தப் பொண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சீட்டு எழுதினார்.

* * *

மருந்துக் கடையில் கூட்டம். அமராவதி திரும்பி வர முக்கால் மணி நேரமாயிற்று. கிளினிக் வாசலில் காசிலிங்கம் சாரின் ஸ்கூட்டர் நின்றது. அவர் உள்ளேயிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார். கையில் மடித்த காகிதம்.

"நல்ல வேளை டீச்சர். புள்ளைக்கு ஒண்ணுமில்லன்னு நர்சு சொன்னாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆபீசர் ரிஜிஸ்தர கையோட எடுத்துக்கினு போயிட்டாரு. திங்கக்கிழமை பத்து மணிக்கு உங்களையும் என்னையும் ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்காரு. இன்னும் ரிப்போர்ட் எழுதல. ஏதோ பதட்டத்துல சொல்லிட்டீங்கன்னு நான் பேசிக்கிறேன். இந்த லெட்டர மட்டும் குடுத்தா போதும்."

அமராவதி காகிதத்தை வாங்கிப் பிரித்தாள்.

காசிலிங்கம் சாரின் எழுத்துதான். 'வேறு பதிவேடு என்று சொல்லி, மூத்த ஆசிரியை அவர்களுக்குத் தெரியாமல், நான்தான் அவரிடம் கையெழுத்து வாங்கினேன். இதற்கு நானே முழுப் பொறுப்பு.' கீழே செந்தமிழின் கையெழுத்து. குளுக்கோஸ் ஊசி குத்திய கையால் போட்டதால் வரி கோணியிருந்தது.

"அவ தொகுப்பூதியத்துல இருக்கறவ சார். இந்த வருசம் இல்லாட்டி அடுத்த வருசம் பர்மனென்ட் ஆவும்னு காத்துக்கினு இருக்கா. இதக் குடுத்தா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"உங்களுக்கு இருபத்து நாலு வருச சர்வீஸ் டீச்சர்! அவளுக்கு வயசிருக்குது, வேற ஸ்கூல் பாத்துக்குவா." சட்டென்று அவர் குரல் உடைந்தது. "எனக்கும் அடுத்த வருசம் ரிட்டையர்மென்ட். எனக்கு மட்டும் அந்தப் பொட்டிய ஓட்டத் தெரியுமா? கையெழுத்து வரணும் வரணும்னு மேலேருந்து சர்க்குலர் மேல சர்க்குலர். நானும் தூங்கி மூணு மாசமாவுது."

அவர் முகத்தைப் பார்க்க அமராவதிக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் காகிதத்தை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை.

அசோகன் வண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். பாத்தியிலிருந்து அப்படியே வந்திருந்தான்.

"அக்கா, அவ எப்பிடி இருக்கா? கொழந்த?"

"ரெண்டு பேரும் இருக்காங்கடா."

மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவன் கண் அவள் கையில் போய் விழுந்தது. "அது இன்னா பேப்பரு?"

"ஒண்ணுமில்ல தம்பி, ஆபீஸ் விசயம்" என்று காசிலிங்கம் கையை நீட்டினார்.

கிழித்துப் போட ஒரு நொடி போதும். ஆனால் கிழித்தால் செந்தமிழ் இன்னொன்று எழுதுவாள். அண்ணிக்கு ஒரு தலைகுனிவு வரக் கூடாது என்று இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். சொல்லி வைத்தவன் எதிரில் நிற்கிறான்.

"படி" என்று தம்பியிடம் நீட்டினாள் அமராவதி. "உன் பொண்டாட்டி எனக்காகக் கையெழுத்துப் போட்டது."

அசோகன் உதடு அசைய வரி வரியாகப் படித்தான். முடித்துவிட்டு மறுபடி மேலேயிருந்து படித்தான். அக்காவைப் பார்த்தான். அவளிடமிருந்து பார்வையை எடுக்க அவனால் முடியவில்லை.

அமராவதி நர்சிடம் ஒரு வெள்ளைத் தாள் வாங்கினாள். பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் மருந்துப் பெட்டியை வைத்து, அதன்மேல் எழுதினாள். 'பதிவேட்டில் உள்ள பதினாலு கையெழுத்தும் வகுப்பு எடுக்காமல் நான் தெரிந்தே போட்டவை.' தேதி போட்டாள். பெயர் எழுதினாள்.

"டீச்சர், ரெண்டு லெட்டரும் ஆபீசுக்குப் போச்சுன்னா ரெண்டு பேருக்கும் வேலை இல்ல" என்றார் காசிலிங்கம். "ஒண்ணுதான் போவணும். நல்லா யோசிங்க." ஸ்கூட்டரை இரண்டு தடவை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

உள்ளே கட்டிலில் செந்தமிழ் விழித்திருந்தாள். வெளியே பேசியதெல்லாம் அவளுக்குக் கேட்டிருந்தது.

"அண்ணி, நீங்க எழுதினத குடுத்தீங்கன்னா நான் நேரா ஆபீசருக்கே இன்னொண்ணு எழுதிப் போடுவேன்" என்றாள். "இருபத்து நாலு வருசம் அண்ணி. ஊரே உங்களக் கையெடுத்துக் கும்புடுது. இதுக்காகவா போவணும்?"

அமராவதி அவள் தலையை நிமிர்த்தி, டம்ளரை வாயருகே கொண்டுபோனாள்.

"எழுது. எத்தினி வேணுன்னாலும் எழுது. மொதல்ல இந்தத் தண்ணியக் குடி."

செந்தமிழ் குடித்தாள். கண்ணிலிருந்து வழிந்த நீரும் டம்ளருக்குள் சேர்ந்து போனது. அமராவதி இரண்டாவது டம்ளர் ஊற்றினாள். அதைத் தான் குடித்தாள்.

கட்டிலின் கால்மாட்டில் அசோகன் நின்றான். அக்கா எழுதியதையும் வாங்கிக்கொண்டதில், இரண்டு காகிதமும் இப்போது அவன் கையில்தான் இருந்தன. ஒன்று அம்மாவாக இருந்து வளர்த்தவளுடையது. இன்னொன்று அவன் பிள்ளையைச் சுமப்பவளுடையது.

"திங்கக்கிழமை உன்னக் கூட்டிக்கினு போறது நான்தான்க்கா" என்றான். குரல் கம்மியிருந்தது. "ஆபீசர் கை நீட்டினா, நான் எதக் குடுக்கட்டும்?"

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் வாய் திறந்தார்கள்.

"வாணாம்" என்று அசோகன் கையை உயர்த்தினான். "நீங்க ரெண்டு பேரும் சொல்ல வாணாம். இந்த ஒரு தடவ நான் யோசிக்கிறேன்."